அழுக்கு மேடத்தின் வளர்ச்சிப் பணி

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளை அழுக்கு மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். குளிக்காதவள் என்று நினைத்துவிட வேண்டாம். குன்றின் மேலிருக்கும் தொலைநோக்கி வானத்தைப் படம் பிடிக்கும்போது, கீழே ஊரிலிருக்கும் தெருவிளக்கு வெளிச்சமும் சேர்ந்து படத்தில் படிந்துவிடும். அதற்கு அங்கே பெயர் அழுக்கு. அந்த அழுக்கைக் கணக்குப் போட்டுக் கழித்து, மங்கலான நட்சத்திரங்களை வெளியே கொண்டுவருவது அவள் வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரே ஒரு கேலக்ஸியை விடாப்பிடியாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதன் ஓரத்தில் மெலிதாக ஒரு வால் இருக்கிறதா இல்லையா என்பதில்தான் அவள் உயிரே இருந்தது.

"வால் இருந்தா என்ன பண்ணுவ?" என்று கணவர் ஒருமுறை கேட்டார்.

"இருக்குன்னு சொல்லுவேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் பாத்திரம் கழுவப் போய்விட்டார். நல்ல மனுஷன்.

அமைச்சகத்துக்கு அந்தப் பொறுமை இல்லை. நாட்டின் பொருளாதார வளர்ச்சிக்கு உதவாத ஆராய்ச்சிக்கெல்லாம் பூட்டு என்று முடிவெடுத்தது. கேலக்ஸிகள் வரி கட்டுவதில்லை, ஏற்றுமதி ஆவதில்லை, ஓட்டுப் போடுகிற பழக்கமும் அவற்றுக்குக் கிடையாது. ஆகவே தொலைநோக்கியை மூடிவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போகப் பொருளாதார நிபுணர் ஒருவர் வந்து இறங்கினார். ஆய்வுக்கூட இயக்குநர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அழுக்கு மேடம் மனதுக்குள் கணக்குப் போட்டாள். இன்னும் கொஞ்சம் படங்கள் கிடைத்தால் போதும், வால் விஷயம் தெரிந்துவிடும்.

நிபுணர் அவளுடைய திரையைக் காட்டிக் கேட்டார்: "இந்த மூலையில வெள்ளையா படிஞ்சிருக்கே, என்ன அது?"

"அழுக்கு சார். ஊர் வெளிச்சம். கழிச்சுத் தூக்கிப் போட்டுடுவேன்."

"வருஷா வருஷம் கூடுதா?"

"கூடித் தொலையுது சார்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "விளக்கு கூடினா கடை கூடுது, ஆலை கூடுதுன்னு அர்த்தம் மேடம். இது அழுக்கு இல்ல. இதுதான் வளர்ச்சி."

இயக்குநருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நாங்க ஆரம்பத்துலேருந்தே அதைத்தானே சார் அளந்துட்டிருக்கோம்" என்று கூசாமல் புளுகினார்.

தொலைநோக்கி பிழைத்தது. வாசலில் 'தேசிய வளர்ச்சிப் படவியல் மையம்' என்று புதுப் பலகை ஏறியது. வேலைதான் தலைகீழாகிவிட்டது. இனி வெளிச்சத்தை வைத்துக்கொண்டு நட்சத்திரங்களைக் கழிக்க வேண்டுமாம். தன் கேலக்ஸியைத் தன் கையாலேயே துடைத்தபோது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் துடைக்காத படம் கணினியில் இருக்கிறதே, வேலை முடிந்தபின் அதை எடுத்து வாலைத் தேடலாமே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். தேடவும் செய்தாள். வால் இருப்பதுபோலத்தான் பட்டது. அடித்துச் சொல்ல இன்னும் சில படங்கள் வேண்டும்.

வளர்ச்சிக் கணக்கைப் பார்த்த அமைச்சகத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இவ்வளவு வளர்ச்சியைக் கண்டுபிடித்த மையம் இருட்டிலா கிடப்பது? அடிவாரத்திலிருந்து தொலைநோக்கி வாசல்வரை வரிசையாக விளக்குக் கம்பங்கள் நட்டுப் பரிசளித்தது.

அடுத்து வந்த படம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வெளுத்திருந்தது. அவள் எல்லாக் கணக்கையும் போட்டுப் பார்த்தாள். கழிப்பதற்கு ஒரு நட்சத்திரம்கூட அதில் இல்லை.

இயக்குநர் எட்டிப் பார்த்தார். "பிரமாதம் மேடம். பொட்டு அழுக்கு இல்லாம என்ன சுத்தமா எடுத்திருக்கீங்க!"

"ஆமா சார்" என்றாள்.