அடிவானத்துக்கு ஒட்டிய பிளாஸ்டர்

சென்ற ஞாயிறு மாலை நல்லம்பள்ளியில் ஒரு விமானம் விழுந்தது. பேப்பரில் தேடாதீர்கள், வந்திருக்காது. விழுந்த இடம் எங்கள் வீட்டு டிவி. ஓட்டியவன் நான்.

உயிர்ச்சேதம் இல்லை. மானச்சேதம் உண்டு.

வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசை தப்பினால் எனக்குத் தலைவலி வரும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே?

என் மனைவி பிலோமினாவின் தங்கை ரோசலி நர்ஸுக்குப் படித்தவள். அண்ணன்காரர் பஹ்ரைனில் இருக்கிறார். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் தங்கைக்கு வேலை பிடித்துக் கொடுத்து, விசாவும் அனுப்பிவிட்டார். வியாழக்கிழமை மெட்ராஸிலிருந்து விமானம். பெட்டிகூடக் கட்டியாயிற்று. ரோசலி மட்டும்தான் பாக்கி.

"நான் போவலக்கா... கீழ ஒண்ணுமே இல்லாம அந்தரத்துல எப்பிடி உக்காந்துக்கிட்டுப் போறது?"

ஆபரேஷன் தியேட்டரில் ரத்தத்தைக் கண்டு அசராத பெண். அவளுக்கு இந்தப் பயம்! அவள் வீட்டில் இருப்பது மழையை நம்பிய கொஞ்சம் நிலமும் அவள் படிப்பும்தான். வியாழக்கிழமை ஏறாவிட்டால் அந்த வேலை வேறு யாருக்கோ போய்விடும். என் மாமியார் ஜெபமாலையும் கையுமாக இருந்தார். பிலோமினா என்னைப் பார்த்தாள்.

"நீங்கதாங்க எடுத்துச் சொல்லணும். நீங்க சொன்னா கேப்பா."

எடுத்துச் சொல்வதா? நான் அரசாங்க சர்வேயர். சொல்லிப் பழக்கமில்லை. அளந்து காட்டித்தான் பழக்கம்.

காட்டுவதற்கு வீட்டிலேயே ஒரு பொருள் இருந்தது. மச்சான் போன லீவில் கொண்டு வந்து விட்டுப்போன ஹோம் கம்ப்யூட்டர். டைப்ரைட்டரில் எழுத்துக் கட்டைகளை மட்டும் தனியாக எடுத்து வைத்தது போல இருக்கும். அதை டிவியோடு இணைத்து, டேப் ரெக்கார்டரில் ஒரு கேசட்டைப் போட வேண்டும். கேசட் கொஞ்ச நேரம் காது கிழியக் கத்தும். கத்தி ஓய்ந்ததும் டிவியில் ஒரு விமானத்தின் காக்பிட் வரும். கீழே வரிசையாக மீட்டர்கள். மேலே விமானியின் ஜன்னல். ஜன்னலில் பாதி வானம், பாதி தரை, நடுவில் அடிவானக் கோடு.

விமானம் எவ்வளவு சாதுவாகப் போகிறது என்று ரோசலிக்குக் காட்டிவிட்டால் தீர்ந்தது... இதுதான் என் திட்டம்.

சனிக்கிழமை முழுக்க ஒத்திகை. ஒத்திகை என்றால் பறப்பது இல்லை. பார்வையைச் சரிசெய்வது! ஜன்னல் வழியாக முன்னால், பின்னால், பக்கவாட்டில் பார்க்கத் தனித்தனி விசைகள். பார்வையை மேலே, கீழே சாய்க்கவும் விசைகள் உண்டு. என்னைப் போன்ற ஆளிடம் இப்படிப்பட்ட வசதியைக் கொடுக்கலாமா? சுவரில் காலண்டர் சாய்ந்திருந்தால் சோறு இறங்காதவன் நான்.

முதலில் டிவியின் மேல், சாய்வு பார்க்கிற ரசமட்டத்தை வைத்தேன். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது. பேப்பரை மடித்து முட்டுக் கொடுத்தேன். பிறகு அடிவானத்தை ஜன்னலின் சரிபாதிக்குக் கொண்டு வந்தேன். அது அங்கேயே இருக்கிறதா என்று பார்க்க, டிவி கண்ணாடியின் இரண்டு ஓரத்திலும் துண்டுப் பிளாஸ்டர் ஒட்டினேன். கோடு பிளாஸ்டரில் நின்றால் விமானம் மட்டம். மேலே ஏறினால் மூக்கு தாழ்கிறது. கீழே இறங்கினால் மூக்கு நிமிர்கிறது. எவ்வளவு சுலபம்!

பிலோமினா எட்டிப் பார்த்தாள். "ப்ளேன கெளப்பப் போறீங்களா, இல்ல பட்டா போட்டுக் குடுக்கப் போறீங்களா?"

பிளாஸ்டரை இன்னொரு தரம் அழுத்தி விட்டேன். தொழில் தெரியாதவர்களோடு என்ன பேச்சு?

ஞாயிறு மாலை ரோசலியை டிவிக்கு முன்னால் உட்கார வைத்தேன். கேசட் கத்தி ஓய்ந்தது. காக்பிட் வந்தது. பார்த்தால் — அடிவானம் பிளாஸ்டருக்குக் கீழே இருக்கிறது! யாரோ பார்வையைக் கலைத்திருக்கிறார்கள். பிலோமினாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, விசையைத் தட்டித் தட்டி, கோடு பிளாஸ்டருக்கு வரும்வரை ஜன்னல் பார்வையைச் சாய்த்தேன்.

விமானம் கிளம்பியது. ஏறியது. மட்டமாகப் பறந்தது. கோடு பிளாஸ்டரில் அசையாமல் நின்றது.

"பாத்தியாம்மா? தொட்டில் மாதிரி போவுது. இதுல பயப்பட என்ன இருக்குது?"

ரோசலி நாற்காலியின் பிடியை விட்டாள். நல்ல அறிகுறி.

அப்போது அடிவானம் ஒரே துள்ளலில் பிளாஸ்டருக்கு மேலே போய்விட்டது. மேலே போனால் என்ன அர்த்தம்? மூக்கு தாழ்கிறது! நான் மூக்கைத் தூக்கினேன். இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... விமானத்தின் வேகம் செத்தது. ஜன்னல் முழுக்க வானம், பிறகு ஜன்னல் முழுக்கத் தரை, பிறகு ஒன்றுமில்லை.

"அய்யோ மாதாவே!" என்றாள் ரோசலி.

இன்னொரு தரம் கிளப்பினேன். கோடு மறுபடியும் பிளாஸ்டருக்கு மேலேயே நின்றது. மறுபடியும் தூக்கினேன். மறுபடியும் தரை. பிலோமினா முறைத்த முறைப்பில் பஹ்ரைன் வேலை என் கையால் போய்விட்டது என்று தெரிந்தது. மூன்றாவது தரம் ஓடுபாதையின் ஓரத்திலேயே விழுந்தேன்.

வாசலில் கரகரவென்று ஒரு குரல். பக்கத்துத் தோட்டத்து மாதப்பண்ணன். தண்ணீர் பாய்ச்சி முடித்த கையோடு வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார்.

"என்னாங்க சர்வேயரே, ஏரோப்ளேன எங் கேவுறு காட்டுல எறக்கிடாதீங்க. இப்பத்தான் மோட்டார நிறுத்திட்டு வரேன்."

மோட்டாரை நிறுத்திவிட்டா?

பிலோமினா டிவியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முறைப்பு உடைந்து சிரிப்பு வெளியே வந்தது.

"ஏங்க... அவுரு மோட்டாரு ஓடுனா நம்ம வூட்டுல வோல்டேஜு எறங்கி டிவி படம் நாலு பக்கமும் சுருங்குது. நிறுத்துனா விரியுது. டிவி வாங்குன நாள்லருந்து தெனம் பாக்கறோம். படம் சுருங்கி இருக்கச்சே கோட்டச் சரி பண்ணுனீங்களா?"

பண்ணினேன். மோட்டார் ஓடியபோது படத்தோடு சுருங்கிக் கீழே இறங்கியிருந்த கோட்டை நான் பிளாஸ்டருக்கு ஏற்றிவிட்டேன்; மோட்டார் நின்றதும் அது படத்தோடு விரிந்து மேலே போய்விட்டது. சுற்றிலும் கறுப்புக் கரை கட்டிப் படம் சுருங்கியிருந்ததை நான் பார்க்கவே இல்லை. நான் பார்த்தது கோட்டையும் பிளாஸ்டரையும்தான். மீட்டர்கள் கீழே வரிசையாக உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தன. அவற்றையும் பார்க்கவில்லை. அளப்பவனுக்கு இப்படி ஒரு சாபம் உண்டு போலிருக்கிறது — குறியை நட்ட பிறகு, பூமியே நகர்ந்தாலும் குறிதான் சரி என்பான்.

தலையைக் குனிந்தபடி ரோசலியைப் பார்த்தேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்றே நினைத்தேன். சிரிப்பு!

"மாமா... ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளும்மா."

"வியாழக்கிழம ப்ளேன நீங்க ஓட்ட மாட்டீங்க இல்ல?"

"நான் எதுக்கும்மா ஓட்டறேன்?"

"அதுல ஓட்டறவரு கண்ணாடியில பிளாஸ்டர் ஒட்டி இருக்க மாட்டாரு இல்ல?"

"மாட்டார்."

"அப்ப நான் போறனுங்க. இத்தன தரம் விழுந்ததப் பாத்தாச்சு. இதுக்கு மேல என்னா இருக்குது?"

பிறருடைய பயத்தைப் போக்க நாம் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுகிறோம். முட்டாள்தனத்தைக் காட்டினால் இன்னும் சீக்கிரம் போகிறது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

வியாழக்கிழமை மீனம்பாக்கத்தில் வழியனுப்பினேன். கேட்டைத் தாண்டும்போது ரோசலியின் கண் கலங்கித்தான் இருந்தது. ஆனாலும் நிற்கவில்லை. நாலடி போனவள் திரும்பி, அத்தனை கூட்டத்துக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"மாமா! வூட்டுக்கு பஸ்ஸுலயே போங்க!"

பஸ்ஸில்தான் வந்தேன். டிரைவர் சீட்டுப் பக்கமே போகவில்லை.