பதினேழாம் நம்பர் கல்லுக்கு அடியில்

மலாக்கா, காஜா பெராங்கில் எங்கள் வரிசை வீட்டு இளைஞர்கள், "சர்வே வேலையில என்னண்ணே இருக்கு, சங்கிலியப் பிடிச்சுக்கிட்டு நிக்கறதுதானே?" என்கிறார்கள். நேரில் பதில் சொல்ல எனக்குக் கூச்சம். நான்காம் வகுப்போடு நின்றவன். அதனால் எழுதுகிறேன்.

1. முதல் நாள்

யுத்தத்துக்கு முன், இருபது வயதில், சர்வே இலாகாவில் சங்கிலி பிடிக்கும் செயின்மேனாகச் சேர்ந்தேன். முதல் நாளே மலாக்காவுக்கும் நெகிரி செம்பிலானுக்கும் இடையில் எல்லைக் கல் நடப் போனோம். எருமை படுத்திருப்பது போன்ற ஒரு பாறையிலிருந்து மூன்று சங்கிலி நீளம் அளந்து குழி தோண்டினோம். எங்கள் மேஸ்திரியான மண்டோர் சொன்னார்: "கல்ல எவன் வேணும்னாலும் பேத்துடுவான். அடியில கரியப் போடு, அது மக்காது, கல்லு போனாலும் இடம் தெரியும். கூட ஒரு பாட்டில உடைச்சுப் போடு."

நான் குடித்து முடித்த சோடா பாட்டிலை உடைத்தேன். அதிலிருந்த பச்சைக் கோலி கரிக்குள் உருண்டது. எடுத்துக்கொள்ள ஆசை, கேட்க வெட்கம். அதற்குள் கல் இறங்கிவிட்டது. நம்பர் பதினேழு. எழுத்துள்ள முகம் தெற்கே, மலாக்காவைப் பார்த்து.

2. கிழக்கு பார்த்த கல்

மெர்டேக்காவுக்கு, மலாயா சுதந்திரத்துக்கு, மூன்று வாரம் இருந்தது. வெள்ளைக்கார அதிகாரி ஊருக்குக் கப்பலேறிவிட்டார். அவர் இடத்துக்கு வந்த மலாய் அதிகாரி துவான் ஹசானுக்கு எல்லைக் கற்களைச் சரிபார்ப்பதுதான் முதல் பெரிய வேலை. பழைய அளவுப் புத்தகம் ஜப்பான்காரன் காலத்தில் தொலைந்துவிட்டது. பக்கத்துக் கற்களைச் சதுப்பு விழுங்கிவிட்டது. பதினேழு கிடைத்தால்தான் கோடு போட முடியும்.

கிடைத்தது. ரப்பர் தோட்டத்துக் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தின் ஓரம், மரத்தடியில், மஞ்சள் பூசி, சிவப்புத் துணி கட்டி, முன்னால் சூலம் நட்டிருந்தது. துவான் துணியை மெல்ல விலக்கி நம்பரைப் பார்த்தார். அங்கிருந்தே எல்லைக் கோட்டுக்குக் கொடிகளை நடச் சொன்னார்.

கொடி வரிசை, பக்கத்தில் குடியிருந்த மலாய்க் கிழவர் பாக் டோலாவின் வீட்டுக்குத் தெற்கே போயிற்று. அப்படியானால் அவர் வீடும் கிணறும் டுரியான் மரங்களும் நெகிரி செம்பிலானுக்குச் சொந்தம். அவரிடம் இருந்தது மலாக்கா கிராண்ட், அந்த ஊர் நிலப் பட்டா. அந்தப் பக்கம் அது வெறும் காகிதம்.

கிழவர் அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு மலாயில் கேட்டார்: "டச்சுக்காரன் ஆண்டான், வெள்ளைக்காரன் ஆண்டான், ஜப்பான்காரன் ஆண்டான். அப்பல்லாம் எங்க பரம்பரை வீடு இருந்த இடத்துலயே இருந்துச்சு. நம்ம ஆளுங்க வரப்போற நேரத்துல அடுத்த ஊருக்குப் போயிடுச்சா, துவான்?"

நான் கல்லையே பார்த்தேன். எழுத்து கிழக்கே பார்த்திருந்தது. சாமி கிழக்கு பார்க்க வேண்டும் என்று திருப்பி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் எருமைப் பாறையும் இல்லை. அப்படியானால் கல் நடந்து வந்திருக்கிறது!

பதினாறு வருஷத்துக்கு மேலாக அதிகாரிகள் முன்னால் 'சரி துவான்' தவிர வேறு பேசியதில்லை. லயத்து ஆட்கள் வேறு சுற்றி நின்றார்கள்.

"துவான், இது இங்க நட்ட கல் இல்ல. நட்ட நாள் நான் இருந்தேன்."

பூசை செய்யும் முனியாண்டி முன்னால் வந்தார். "ஏண்ணே, நம்ம ஆளா நீ? இது தானா முளைச்ச சாமி."

"தானா முளைச்ச சாமிக்கு நம்பர் எதுக்குண்ணே?" என்றேன். நானா பேசினேன் என்று இன்றும் ஆச்சரியம்.

துவான் என்னைப் பார்த்தார். "காட்டு, வேலு."

எருமைப் பாறை பழைய இடத்திலேயே கிடந்தது. மூன்று சங்கிலி தூரம் நிச்சயம், திசைதான் மங்கல். சங்கிலியின் ஒரு முனையைப் பாறையில் பிடிக்கச் சொல்லி, மறுமுனையோடு வளைவாக நகர்ந்து தோண்டினேன். முதல் குழியில் செம்மண். இரண்டாவதிலும் செம்மண்.

"புதையலா எடுக்கிறாரு? எனக்கும் பாதி குடுங்கண்ணே" என்றார் முனியாண்டி. எல்லோரும் சிரித்தார்கள். பாக் டோலா சிரிக்கவில்லை.

மூன்றாவது குழியில் மண் கறுத்தது. மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் கிளறினேன். கரி. கண்ணாடித் துண்டு. அப்புறம், விரலுக்கடியில் உருண்டையாக, அந்தப் பச்சைக் கோலி. பாக் டோலா வீட்டுக்கு வடக்கே, இரண்டு சங்கிலி தள்ளி. அப்படியானால் வீடு மலாக்காவில்தான். அவர் குழிக்குள் இறங்கி என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

முனியாண்டி குரல் தாழ்ந்தது. "ஜப்பான்காரன் காலத்துல யாரும் கேக்காமக் கிடந்துச்சு. எல்லையக் காக்கற கல்லுதானே, நம்ம லயத்தயும் காக்கட்டும்னு தூக்கிட்டு வந்தோம். ஜெயில்ல போட்டுடாதீங்க, துவான்."

"சாமி உங்களோடயே இருக்கட்டும். நம்பர மட்டும் செதுக்கி எடுத்துடுங்க" என்றார் துவான்.

"சாமி மேல உளியா?" முனியாண்டி பதறினார்.

பாக் டோலாதான் வழி சொன்னார்: "மஞ்சளக் கனமாப் பூசேன். யாருக்குத் தெரியப் போகுது?"

மறுநாள் அதே குழியில், அதே பதினேழாம் நம்பர் செதுக்கிய புதுக் கல் நட்டோம். பாக் டோலா தன் அடுப்பிலிருந்தே கரி கொண்டுவந்தார். "கோலிய நீயே வச்சுக்க, வேலு" என்றார் துவான். இருபது வயதில் கேட்க வெட்கப்பட்டது, கேட்காமலே கிடைத்தது. ஆனால் அதைக் கரிமேல் வைத்தேன்.

சங்கிலி பிடிக்க வரும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். கல்லுக்கு அடியில் என்ன போட்டோம் என்பதை மறக்காதீர்கள். தெரிந்ததைச் சொல்ல என்னைப்போல் பதினாறு வருஷம் காத்திருக்காதீர்கள். பதினேழாம் நம்பரை யாராவது மறுபடி நகர்த்தினால், பச்சைக் கோலியைத் தேடுங்கள்.