நேசன் சாகவில்லை என்று சொல்லப் போன ஐம்பத்தேழு வீடுகள்

நோர்வேயின் பேர்கன் நகரத்தில் ட்ராம் தரிப்பிலிருந்து நான் அரிசி வாங்கும் கடைக்கு நூற்றுப் பத்து அடி. சனிக்கிழமைகளில் இந்த நூற்றுப் பத்து அடிக்குள் குறைந்தது மூன்று பேர் என்னை மறிப்பார்கள். சிவப்பு மேற்சட்டைக்காரி திமிங்கிலத்துக்காக, பச்சைக்காரன் மழைக்காட்டுக்காக, நீலக்காரி எங்கோ ஒரு நாட்டில் தண்ணீர் இல்லாத பிள்ளைக்காக. "ஹார் டு எத் மினுத்?" என்பார்கள். ஒரு நிமிடம் இருக்கிறதா என்று அர்த்தம். அறியாத மனிதரை இந்த நாட்டில் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. இவர்கள் மட்டும் பார்ப்பார்கள், சிரிப்பார்கள், பெயர் கேட்பார்கள், பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டுவார்கள். ஒரு முகம், ஒரு பெயர், ஒரு வேண்டுகோள். முன்பு இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. இப்போது கோபம் வருகிறது. ஏனென்றால் இந்த வித்தையைக் கற்பிப்பவர்களை உருவாக்கும் வேலையை, திருகோணமலையில், ஒன்பது நாட்கள் நானும் செய்துவிட்டு வந்தேன்.

எனக்கு வயது எழுபத்து மூன்று. ஊரில் ஆறு வருடம் கணித ஆசிரியர். இங்கே பதினான்கு வருடம் மீன் தொழிற்சாலை, பிறகு மொழிபெயர்ப்பாளர். சென்ற வருடம் இங்குள்ள ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து அழைத்தார்கள். மீனவர்கள் லைப் ஜக்கெற் என்ற மிதப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு கடலுக்குப் போக வேண்டும், அதுதான் நோக்கம். திருகோணமலைக்குப் பக்கத்து நிலாவெளியில் பதினான்கு பேருக்குப் பயிற்சி. அந்தப் பதினான்கு பேரும் கரையோரக் கிராமங்களில் ஆளுக்குப் பத்துப் பேருக்கு, சனத்தின் மனத்தில் படும்படி எப்படிச் சொல்வது என்று கற்பிப்பார்கள். பதினான்கு தரம் பத்து நூற்று நாற்பது. கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. நல்ல நோக்கம் என்று இன்றும் சொல்வேன். ஊரில் எனக்கு இப்போது ஒரு வீடும் இல்லை, ஓர் உறவும் இல்லை. ஆனாலும் படிவத்தில் 'உள்ளூர்ப் பழக்கவழக்கம் அறிந்தவர்' என்ற கட்டத்துக்கு எதிரே அடையாளமிட்டுக் கையெழுத்து வைத்தேன்.

பயிற்சியை நடத்தியவள் மாரித் என்ற பெண். கெட்டவள் அல்ல. முதல் நாளே என் கொப்பியை மூடச் சொன்னாள். அதில் எத்தனை வள்ளம், எத்தனை பேர், எத்தனை ஜக்கெற் என்று பயிற்சிக்கு முன்னமே வந்து இரண்டு வாரம் கரையில் நின்று எண்ணி எழுதியிருந்தேன். எண்கள் யாருடைய மனத்தையும் அசைக்காது, ஒரு மனிதனின் முகம்தான் அசைக்கும் என்றாள். அந்த முகமாக நேசன் கிடைத்தான். நிலாவெளிக்காரன், முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகள். வள்ளம் கவிழ்ந்து ஏழு மணித்தியாலம் ஜக்கெற்றோடு மிதந்து தப்பியவன். அவனைக் கூட்டிவந்து நடுவில் கதிரை போட்டு ஜக்கெற்றோடு இருத்திப் படம் எடுத்தோம். கண்கள்தான் முக்கியம் என்று மாரித் படத்தைக் கழுத்தோடு வெட்டினாள். கீழே பெயர், ஊர், 'என் பிள்ளைகளுக்காக' என்று இரண்டே சொற்கள். இதைச் சுவரொட்டியாக அடித்து ஒட்டுவது பதினான்கு பேருக்குமான செய்முறைப் பயிற்சி.

பயிற்சிக்கு வந்தவர்களில் அன்புவழிபுரத்துத் திலகா என்ற ஆசிரியை மட்டும் எழுந்து, "படத்தைப் போட்டு மதிலிலை ஒட்டினா சனம் வேறை மாதிரி நினைக்கும், ஐயா" என்றாள். என்ன மாதிரி என்று கேட்டேன். "வேறை மாதிரித்தான்" என்று நேசனை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். மாரித் என்னவாம் என்று கேட்டாள். இங்கே ஆட்கள் கொஞ்சம் கூச்சப்படுவார்கள், பழகிவிடும் என்று நான் மொழிபெயர்த்தேன். ஒரு வசனம். அதற்காக என்னை நானே எத்தனை தடவை ஏசியிருக்கிறேன் என்பதை மட்டும் எண்ணவில்லை. உயிரோடு ஒருவன் முன்னால் இருக்கும்போது எந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் ஒரு காலம் தெரியும். நோர்வேயில் மதிலில் சிரிக்கிற முகம் தேர்தலில் நிற்கும், அல்லது வெண்ணெய் விற்கும். திருகோணமலையில் கட்சிச் சின்னம் இல்லாமல் ஒரு முகமும் பெயரும் ஊரும் மதிலில் வந்தால் அது மரண அறிவித்தல். அதற்கு வேறு அர்த்தமே கிடையாது.

இருநூறு அடித்தோம். அச்சகத்தார் வழக்கமான தாளில், வழக்கமான அளவில் அடித்துத் தந்தார். விடியற்காலை பஸ் நிலையத்திலிருந்து நிலாவெளி வரை ஒட்டி முடித்தார்கள். நேசன் அப்போது கடலில். அவன் மனைவி வசந்தி சின்னவனுக்கு மருந்து எடுக்கப் பட்டணத்துக்கு வந்துகொண்டிருந்தாள். பஸ் ஜன்னலால் ஒரு கம்பத்தில் பார்த்தாள், அடுத்த கம்பத்திலும் பார்த்தாள். கழுத்தோடு வெட்டிய படத்தில் ஜக்கெற்றின் செம்மஞ்சள் ஓரம் மட்டும் தெரிந்தது. அது மாலை போலவே இருந்தது. கடலில் ஏதோ நடந்து, தனக்குத்தான் கடைசியாகச் சொல்கிறார்கள் என்று அவள் நினைத்திருக்கிறாள். பஸ்ஸை மறித்து இறங்கி, பிள்ளையோடு றோட்டிலேயே இருந்துவிட்டாள். யாரோ முச்சக்கர வண்டியில் ஏற்றி வீட்டில் விட்டபோது ஒழுங்கையில் செத்தவீட்டுக்கான வெள்ளைக்கொடி கட்டியாகிவிட்டது. வாடகைக் கதிரை வந்திறங்கிவிட்டது. ஒன்பதரைக்கு நேசன் கரையேறி, தன் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையில் வெள்ளைக்கொடியைக் கண்டு, பிள்ளைகளில் எது என்று கேட்டுக்கொண்டு ஓடினானாம்.

அன்று பின்னேரம் நான் தனியே போனேன். மாரித் ஹோட்டலில் மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள், இரண்டு பக்கம், ஆங்கிலத்தில். நேசன் கூலிக்குப் போகும் வள்ளத்தின் சொந்தக்காரர், சம்மாட்டியார், முற்றத்தில் நின்றார். அவனை இனி ஏற்ற மாட்டேன் என்று சொல்ல வந்திருந்தார். நான் கத்தினேன். படித்த திமிரோடு கத்தினேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "என்னை விடுங்கோ, ஐயா. வள்ளத்திலை இன்னும் மூண்டு பேர் ஏறோணும். ஊரறியச் சாவு அறிவிச்ச ஆளோட அவங்கள் ஏற மாட்டாங்கள். நான் ஆரைப் பிடிச்சுத் தள்ளுறது?" வேறு சுவரொட்டி அடிப்போம், நேசன் உயிரோடு இருக்கிறார் என்று போடுவோம் என்றேன். உள்ளேயிருந்து வசந்தி வந்தாள்.

"திரும்பவும் படம் போட்டோ?" என்றாள். "அறிவிச்சது நீங்கள். வீடு வீடாப் போய் ஆள் சாகேல்லையெண்டு சொல்லுறதும் நீங்கள்தான்."

சாவு சொல்ல உரித்துக்காரர், நெருங்கிய உறவினர்தான் போக வேண்டும். நான் யார் என்று போவது? அவளே தீர்த்தாள்: "பெரியப்பா எண்டு சொல்லுங்கோ. நரைச்ச தலைதானே, ஒருத்தரும் கேளாயினம்." எப்படிச் சொல்வது என்பதைத் திலகா சொல்லித் தந்தாள். சாவு சொல்லப் போகிறவர் உள்ளே இருக்கமாட்டார், தண்ணீர் வாய் நனைக்கமாட்டார். ஆகவே இது சாவு இல்லை என்று காட்ட நானும் நேசனும் ஒவ்வொரு வீட்டிலும் இருந்து தேநீர் குடிக்க வேண்டும். பதினாறு வருடமாகச் சலரோகக்காரன், நீரிழிவு நோயாளி நான். நான்கு நாட்கள், ஐம்பத்தேழு வீடுகள், ஐம்பத்தேழு கோப்பைகள். சீனி வேண்டாம் என்று ஏழு வீட்டில் சொல்லிப் பார்த்தேன். நல்ல காரியத்துக்குச் சீனியில்லாத தேத்தண்ணியோ என்று எட்டாவது வீட்டில் கேட்டார்கள். பிறகு வாயைத் திறக்கவில்லை. ஒரு வீட்டில் ஒரு மனிதர் நேசனின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். இன்னொரு வீட்டில் ஒரு பெண், "உன்ரை செத்தவீட்டுக்கெண்டு இருவது பேருக்குச் சமைச்சனான். பழி உன்னிலைதான், இருந்து குடி" என்றாள். நேசன் சிரித்தான். அந்த நான்கு நாட்களில் அவன் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

ஐந்தாம் நாள் சம்மாட்டியார் அவனை ஏற்றினார். விடிய முன்னம் கரைக்குப் போய்ப் பார்த்தேன். நான்கு பேர், ஜக்கெற் ஒன்றும் இல்லை. எங்கே உன்னுடையது என்று கேட்டேன்.

"அது மாலை மாதிரிக் கிடக்கெண்டு சொல்லுறாங்கள், பெரியப்பா. வள்ளத்திலை ஏத்த விடாயினம்."

இரண்டு வாரம் எண்ணிய என் கொப்பியில் அந்தக் கரையில் ஜக்கெற் போட்டுப் போனவர் ஒரே ஒருவர், நேசன். அந்த ஒன்றை நாங்கள் பூச்சியம் ஆக்கினோம். இதற்கு எண் தேவையில்லை என்றா சொல்கிறீர்கள்?

பேர்கன் திரும்பியதும் மதிப்பீட்டுக் கூட்டம். சுவரொட்டியைப் பார்த்தவர்கள் எவரும் மறக்கவில்லை, கவன ஈர்ப்பு எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு என்று மாரித் சொன்னாள். தவறிலிருந்து கற்றதாகக் கைநூலில் ஒரு பக்கம் சேர்க்கலாமாம், நேசனின் படத்தோடு. அந்தப் படத்தை இனி எங்கும் போடக்கூடாது என்று மேசையில் அடித்துச் சொன்னேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். களைத்துவிட்டேன் என்று நினைத்தார்கள் போலும், ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தனியாளின் உரிமை பற்றிய கவலை என்று குறிப்பெழுதி, முகத்தை மங்கலாக்குவதாக உறுதி தந்தார்கள். அடுத்த பயிற்சி எங்கோ ஓர் ஆபிரிக்கக் கரையில். அங்கே மதிலில் முகம் ஒட்டினால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். உள்ளூர் ஆள் ஒருவர் இருக்கிறார் என்றார்கள். அவரும் ஒரு கட்டத்துக்கு எதிரே அடையாளமிட்டிருப்பார்.

இப்போது நிலாவெளியிலிருந்து எனக்கு அழைப்பு வருகிறது. பெரியப்பா என்று ஐம்பத்தேழு வீட்டில் தேநீர் குடித்தவன், சாவு சொல்ல வேண்டிய வீடுகளில் ஒன்றாகிவிட்டேன். இதுவரை மூன்று சாவுகள். தொலைபேசி அடிக்கும்போது முதலில் யாருடைய குரல் என்று கேட்கிறேன். நேசனின் குரல் என்றால், யார் போயிருந்தாலும் எனக்கு மூச்சு வருகிறது. அப்படி மூச்சு வருவது வெட்கமாகவும் இருக்கிறது. சென்ற செவ்வாய் காலை பத்து மணிக்கு அழைப்பு எடுத்தான். "சம்மாட்டியாற்றை தமையன் மோசம் போயிட்டார், பெரியப்பா. நாளைக்கு எடுக்கினம். சொல்லுற ஆக்களுக்குச் சொல்லிவிடுங்கோ."

பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொண்டேன். அவர் வீட்டுத் தேநீரில் இஞ்சி தட்டிப் போட்டிருந்தார்கள். சாவைக் கேட்டவன் அதை மற்றவருக்குச் சொல்லாமல் வைத்துக்கொண்டு இருக்கக்கூடாது. செருப்பைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்து கட்டிடத்தின் பொது நடைக்கு வந்தேன். நான்கு மாடி, மாடிக்கு ஆறு கதவு, இருபத்துநான்கு கதவுகள், ஒன்று என்னுடையது. மற்ற இருபத்துமூன்றில் எதைத் தட்டி, உள்ளே போகாமல், தண்ணீர் வாங்காமல், நிலாவெளியில் ஒரு மனிதர் போய்விட்டார் என்று சொல்வது என்று தெரியாமல் அங்கேயே நின்றேன். நடை விளக்கு, அசைவு இல்லையென்றால் தானாக அணைந்துவிடும். இரண்டு தடவை அணைந்தது. இரண்டு தடவையும் கையை அசைத்து எரியவைத்தேன்.