மழை ஒழுகாத வாசகசாலை

எங்கள் மலையூரில் ஒண்டிக்கடை என்கிற முக்கில், மளிகைக்கடைக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் வாசகசாலை ஒழுகும். மழைக்காலத்தில் நான் புத்தகம் எடுத்துக் கொடுப்பதைவிட, எந்த நாற்காலி நனையவில்லை என்று கைகாட்டுவதுதான் அதிகம். வரலாற்று அலமாரிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி, கவிதைக்கு ஒரு குண்டா. வாசகசாலையை நடத்தும் அறக்கட்டளைக்குச் சேலத்தில் அலுவலகம். கூரையைச் சரிசெய்து கொடுங்கள் என்று வருஷா வருஷம் கேட்பேன். அவர்களும் வருஷா வருஷம் வருத்தப்படுவார்கள்.

போன வருஷம் கூரைக்குப் பதிலாக ஒரு உலகத்தையே அனுப்பிவைத்தார்கள்.

அதைக் கொண்டுவந்த அதிகாரி சின்ன வயசுக்காரர், மரியாதை தெரிந்தவர். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுத்து முகம் வெளுத்துப்போயிருந்தார். புது கம்ப்யூட்டர் இரண்டை மேஜையில் வைத்து, திரையில் ஒரு பளிங்கு மாளிகையைக் காட்டினார்.

"இதுதான் நம்ம வர்ச்சுவல் லைப்ரரி மேடம். ஆளுக்கொரு அவதாரம் எடுத்துக்கிட்டு உள்ள போகலாம். நடக்கலாம், உக்காந்து படிக்கலாம், பக்கத்துல இருக்கறவங்ககூடப் பேசலாம். டீச்சருங்க உள்ளயே கிளாஸ் எடுக்கலாம்." மாளிகைக்குப் பின்னால் கடல் வேறு.

"உள்ள மழை பெய்யுமுங்களா சார்?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இந்தக் கிளையை வெச்சுக்கறதா, மூடறதான்னு மேல பேசிக்கிட்டிருக்காங்க மேடம். இதுல எத்தனை பேர் வர்றாங்கன்னு பாத்துத்தான் முடிவு பண்ணுவாங்க."

கல்யாணமாகி இந்த மலையேறி வந்த நாளிலிருந்து, யாரையும் கேட்காமல் நான் திறந்து நானே பூட்டிய கதவு அது ஒன்றுதான். ஒழுகினால் என்ன, என் கதவு. விடுவேனா? அந்த மாளிகைக்கு ஆள் பிடிக்கக் கிளம்பினேன்.

முதலில் மாட்டியவர் ரைட்டர். எஸ்டேட்டில் தினமும் வேலைக்கு வரும் ஆட்களின் பேரைப் பதிவேட்டில் எழுதும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் கதவைத் திறப்பதற்கு முன்பே பேப்பருக்காகப் படிக்கட்டில் வந்து நிற்பார். அவதாரம் என்றதும் அவருக்குக் கோபம் வந்தது. அதெல்லாம் சாமி எடுப்பது, மனுஷன் எடுக்கக் கூடாது என்றார். சரி, பொம்மை என்று வைத்துக்கொள்ளலாம் என்றேன். பொம்மை மாளிகை வாசல்வரை போய் நின்றுவிட்டது.

"ஏனுங்க அம்மணி, செருப்ப எங்கீங்க உடறது?"

"அங்க கழட்ட வேண்டாமுங்க. அப்படியே போலாமுங்க."

"படிக்கிற எடத்துக்குச் செருப்புக் காலோடயா? நொம்ப நல்லாருக்குதுங்க!"

எங்கள் அறைக்கு வருகிற எல்லாரும் செருப்பைப் படிக்கட்டில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். பொம்மைக்கோ ஷூ காலோடு ஒட்டியே பிறந்திருந்தது. மனிதர் அசையவில்லை. பொம்மையை வாசலிலேயே நிறுத்திவிட்டு, ஓரக்கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டே பேப்பர் படித்தார். வேறு வழியில்லாமல் சேலத்துக்குப் போன் போட்டேன். எனக்கு மூளை கலங்கிவிட்டதென்று அதிகாரி நினைத்திருப்பார். ஆனாலும் பாவம், சில நாளில் வெறுங்கால் பொம்மைகளை அனுப்பிவிட்டார். ரைட்டர் உள்ளே போனார். அது வலது காலை முதலில் வைத்ததா என்று என்னிடம் இரண்டுதரம் கேட்டார்.

அதற்குப் பிறகு கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்! கொட்டச்சேடு கிராமத்திலிருந்து கடைக்கு மிளகு விற்க வருகிறவர்கள், ஓட்டலில் வேலை முடிந்த பெண்கள், எல்லாரும் வந்தார்கள். அவர்கள் ஊரில் பனி இறங்கினால் சிக்னல் போய்விடும். பாதிப் பேரிடம் இருப்பது பட்டன் போன். ஆகவே மாளிகைக்குள் போக வேண்டுமென்றால் எங்கள் படியேறித்தான் ஆகவேண்டும். ஒருவர் பொம்மையை நடத்துவார், பின்னால் நின்று ஐந்தாறு பேர் வழி சொல்வார்கள். அத்தனை பெரிய மாளிகையில் ஜன்னலோர நாற்காலி ஒன்றுக்காக ரைட்டரும் கொட்டச்சேட்டுக்காரர் ஒருவரும் சண்டை பிடித்தார்கள். பொம்மைகள் மௌனமாக நின்றன, இவர்கள் இங்கே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து முழங்கையால் இடித்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமைகளில் மாரமங்கலத்திலிருந்து ஒரு டீச்சர் பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டிவந்தாள். உள்ளே போய்க் கடலோரத்தில் நின்று அலை எப்படி உண்டாகிறது என்று பாடம் நடத்தினாள். பிள்ளைகள் யாரும் கடலைப் பார்த்ததில்லை.

"மிஸ், கால நனைச்சுக்கட்டுங்களா?"

"நனைச்சுக்க கண்ணு, சளி புடிக்காது."

ஸ்பீக்கர் வேலை செய்யாததால் அந்தக் கடலுக்குச் சத்தம் கிடையாது. எங்கள் வாளியில் சொட்டுகிற சத்தத்தையே அதற்கு வைத்துக்கொண்டோம்.

கொஞ்ச நாளில் அதிகாரி போனில் கத்தினார். "மேடம், எல்லாக் கிளையிலயும் நீங்கதான் ஃபர்ஸ்ட்!" எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு வந்திருந்த அத்தனை பேருக்கும் மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். அறை பிழைத்துவிட்டது என்றே நம்பினேன்.

அடுத்த வாரம் அவரே நேரில் வந்தார், இனிப்புப் பெட்டியோடு.

"உங்க வாசகர்கள் எல்லாருமே வர்ச்சுவலுக்கு மாறிட்டாங்க மேடம். நொம்ப சந்தோஷம். இனிமே இந்த ரூம் தேவையில்லைன்னு மேல முடிவாயிடுச்சு. உங்க வேலைக்கு ஒண்ணுமில்ல, நீங்க ஊட்டுலருந்தே உள்ள உக்காந்துக்கலாம்."

"அட என்னங்க சார் இது! அவங்க அத்தன பேரும் இந்த ரூமுல உக்காந்துதானுங்களே உள்ள போறாங்க!"

"அது ரிப்போர்ட்ல வராதுங்க மேடம்."

ஆத்திரத்தில் அழுதுவிட்டேன். அவர் முன்னாலேயே வாளியை எட்டி உதைத்தேன், தண்ணீர் அவர் காலிலேயே கொட்டியது. பாவம், அவரும் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் வந்திருந்தார். வேன் வந்து அலமாரிகளையும் கம்ப்யூட்டர்களையும் ஏற்றிக்கொண்டு போயிற்று. வாளியும் குண்டாவும் எனக்கு. கடைசியாக ஒருமுறை பூட்டி, சாவியை மளிகைக்கடைக்காரரிடம் கொடுத்தேன்.

இப்போது தினமும் காலையில் போனைத் திறந்து என் பொம்மையைப் பளிங்கு மேஜையில் உட்கார வைக்கிறேன். யாரும் வருவதில்லை. பார்த்துப் பார்த்து அலுத்து, அதை அங்கேயே விட்டுவிட்டு ஒண்டிக்கடைக்கு நடந்துவிடுவேன். மாடிக்கு எதிரே டீக்கடையில் ரைட்டர் பேப்பரோடு இருப்பார். அறையைப் பூட்டிய பிறகு வந்த முதல் சனிக்கிழமை, விவரம் தெரியாமல் டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிவந்துவிட்டாள். அதில் ஒரு பெண் குழந்தை செருப்பைப் படிக்கட்டில் விட்டுவிட்டு மேலே ஓடியது. பூட்டைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து செருப்பை மாட்டிக்கொண்டது. அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனார்கள்.

நேற்று டீக்கடையில் இருக்கும்போது அதிகாரியின் போன்.

"என்ன மேடம், உங்க கிளைக்கு ஒருத்தருமே வர்றதில்லையே, ஏன்?"

"கதவு பூட்டியிருக்குதுங்க சார்."

"இல்லையே மேடம், அதுக்குப் பூட்டே கிடையாதே. நீங்களே உள்ளதான உக்காந்திருக்கீங்க, இதோ பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

"நல்லாப் பாத்துக்குங்க சார். உள்ள உக்காந்திருக்கறவளுக்கு எந்திரிச்சு வரத் தெரியாதுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, ரைட்டரிடம் பேப்பரில் பாதியைக் கேட்டு வாங்கினேன்.