ஒரு சொட்டும் விழாத படகு

என் வீட்டுச் சாமி அலமாரியில், முருகன் படத்துக்குக் கீழே, ஒரு பித்தளை நட்டு இருக்கிறது. உள்ளங்கையை நிறைக்கும் அளவு. உட்புறத்தில் கருகிய நூல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆயர் குரோவிலிருந்து வரும் மருமகன் குத்துவிளக்குகளைத் துலக்கும்போதெல்லாம் அதையும் எடுக்கப் பார்ப்பார். விடமாட்டேன். அது என் அண்ணி விட்டுப்போனது.

ஜப்பான்காரன் காலத்தில் நாங்கள் காஜா பேராங்கில் இருந்தோம். அண்ணன் ஆற்றுத்துறையில் மோட்டார் படகு ஓட்டினார். படகை முதலாளியிடமிருந்து பிடுங்கிக்கொண்ட ராணுவம், ஓட்ட ஆள் வேண்டுமென்று அண்ணனையும் சேர்த்தே வைத்துக்கொண்டது. எஞ்சினிலிருந்து ஓர் இரும்புத் தண்டு படகின் அடியைத் துளைத்துக்கொண்டு வெளியே தண்ணீரைத் தள்ளும் விசிறிக்குப் போகும். அந்தத் துளை வழியாகக் கடல் உள்ளே வராதபடி, தண்டைச் சுற்றிக் கொழுப்பில் ஊறிய கயிற்றைத் திணித்து, மேலே இந்த நட்டைப் போட்டு முடுக்குவார்கள். ஒரேயடியாக முடுக்கிவிடக் கூடாது. படகு ஓடும்போது சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கசிய வேண்டும். அந்தச் சொட்டுதான் தண்டைச் சூடேறாமல் காக்கும்.

கடைகளில் அந்தக் கயிறு கிடைக்காமல் போனதும் அண்ணி வீட்டிலேயே செய்யத் தொடங்கினார். பழைய வேட்டியை நாடா நாடாவாகக் கிழித்து, சடை போலப் பின்னி, ஆட்டுக்கொழுப்பை உருக்கி அதில் ஊறப்போடுவார். நாமே மரவள்ளிக்கிழங்கைத் தின்று கிடக்கிறோம், கயிற்றுக்குக் கொழுப்பு கேட்கிறதா என்று அம்மா முணுமுணுப்பார். அண்ணி காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

புதிதாக வந்த ஜப்பானிய அதிகாரிக்கு அந்தச் சொட்டைக் கண்டாலே ஆகவில்லை. படகுக்குள் தண்ணீர் என்றால் அது ஓட்டுகிறவனின் சோம்பேறித்தனம் என்பது அவன் எண்ணம். அண்ணன் மலாயில் விளக்கப் பார்த்தார். பளாரென்று விழுந்தது அறை. வீங்கிய கன்னத்தோடு வீட்டுக்கு வந்தவர் இன்னொரு சேதியும் கொண்டுவந்தார். சயாம் ரயில் பாதை வேலைக்கென்று பிடித்துவைத்திருந்த ஆட்களை, மறுநாள் காலை அவர் படகில் ஏற்றி, கடலில் நிற்கும் கப்பலில் சேர்க்க வேண்டுமாம். அவர்களில் ஒருவர் எனக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை. சயாமுக்குப் போன எங்கள் ஆட்களில் ஒருவரும் அதுவரை திரும்பியதில்லை. நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

அண்ணி அழவில்லை. "ஒரு சொட்டு விழக்கூடாதுன்னு அவன்தானே சொன்னான்? விழாமலே செஞ்சி குடுத்திருவோம்" என்றார்.

"தண்டு எரிஞ்சிரும்டி. அப்புறம் என் தோலை உரிச்சிருவான்."

"சும்மாவே அறையிறான், இதுக்கும் வாங்கிக்குங்க. அந்தப் புள்ளைய நம்ம கையாலயே கப்பல் ஏத்திட்டு, நாளைக்கு இவ மூஞ்சில எப்படி முழிப்பீங்க?"

அண்ணி கொழுப்பே காட்டாமல் ஒரு கயிற்றை இறுகப் பின்னினார். காலையில் அண்ணன் அதைத் திணித்து, நட்டை முடிந்த மட்டும் முடுக்கினார். சோறு கொண்டுவந்த சாக்கில் அண்ணியும் நானும் துறையில் நின்றோம். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அதிகாரி குனிந்து, தண்டின் அடியில் விரலால் தடவிப் பார்த்தான். விரல் காய்ந்தே இருந்தது. அண்ணி கரையிலிருந்தே, "தா அடா ஆயர், துவான்!" என்றார். தண்ணியே இல்லை, துரை என்று அவனுக்கே சொன்னார். அவன் திருப்தியாகத் தலையாட்டியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஆற்று வாயைத் தாண்டியதுமே பின்பக்கம் புகை எழுந்தது. அண்ணன் எஞ்சினை நிறுத்தினார். கடல் வற்றிக்கொண்டிருந்த நேரம். படகு நகர்ந்து நகர்ந்து சேற்றில் உட்கார்ந்துவிட்டது. காத்திருக்க மனமில்லாத கப்பல் கிளம்பிப் போனது. ஆட்களைச் சேற்று வழியே கரைக்கு நடத்தியபோது, காவல் சிப்பாய்களின் பூட்ஸ் முழங்கால் வரை புதைந்தது. வெறுங்காலோடு பழகிய நம் ஆட்கள் அலையாத்திக் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். துப்பாக்கி வெடித்தது, யார்மேலும் படவில்லை. என் மாப்பிள்ளை பத்து பெரெண்டாம் என்ற ஊரில் ஒரு மலாய்க்காரர் வீட்டில், ஜப்பான்காரன் போகும்வரை ஒளிந்திருந்தார்.

அண்ணனை அடைத்துவைத்து அடித்தார்கள். இடது காது போயிற்று. அண்ணி தினமும் அவரை அடைத்துவைத்த இடத்து வாசலில் போய் நின்று, "துவான் சொன்னபடிதான் செஞ்சாரு, துவானே தொட்டுப் பார்த்தாரு" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். விரட்டினால் மறுநாளும் போனார். அந்த எஞ்சினை ஓட்ட வேறு ஆளும் கிடைக்காததால் கடைசியில் அண்ணனை விட்டார்கள். கருகிய நட்டை அவர் கழற்றி அண்ணியிடம் கொடுத்துவிட்டு வேறு நட்டைப் போட்டார். அதன்பின் படகில் மறுபடி தண்ணீர் சொட்டியது. அதிகாரி பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

என் கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர், இதற்காகப் புருஷன் காதையே பறிகொடுத்தாயே என்று அண்ணியிடம் அங்கலாய்த்தார். "காது ஒன்னு போச்சு, ஆளு ஒன்னு வந்திச்சு. நாளைக்கே ஜப்பான்காரன் திரும்ப வந்தாலும் அதே காஞ்ச கயிறுதான் பின்னிக் குடுப்பேன்" என்றார் அண்ணி, பந்தி பரிமாறிக்கொண்டே.

போன வாரம் மருமகன் புளியும் கையுமாக நட்டை எடுத்துவிட்டார். "அத்தை, ஒரே கரியா இருக்கு. தேய்ச்சா பளிச்சுனு ஆயிரும்."

"அந்தக் கரி இல்லேன்னா உங்க பொண்டாட்டியே இல்ல, மாப்பிள்ளை. எடுத்த இடத்துல வைங்க" என்றேன்.