பலாப்பால் பூசிய பிளக்

மலை மேல் எதற்குப் படகு என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் ஒரே பதில்தான் வைத்திருந்தேன். தண்ணீர் இருக்கிற இடத்தில்தானே படகு விடுகிறோம், உங்கள் வீட்டு மாடியிலா விடுகிறோம்?

கரியாலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் ஏரியில், மகளிர் குழுவாகச் சேர்ந்து நாங்கள் படகு விட்டோம். கடலூரில் மீன் பிடிக்கிற ஒருவரிடம் வாங்கிய பழைய ஃபைபர் படகு. பின்னால் மாட்டுகிற பெட்ரோல் இன்ஜினும் அவருடையதுதான். அவரே மலைக்கு வந்து எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். அருவி பார்க்க வருகிறவர்கள் அப்படியே எங்கள் படகிலும் ஏறினார்கள். திருப்பூருக்கும் கேரளாவுக்கும் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்த எங்களுக்கு, பையைத் தூக்காமல் சொந்த ஊரிலேயே சோறு தின்ன ஒரு வழி பிறந்தது.

அது சிலர் கண்ணை உறுத்தியது. கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு கான்ட்ராக்டர் அடிக்கடி வந்து ஏரியைச் சுற்றிப் பார்த்தார். கூடவே எங்கள் ஊர்த் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு நடந்தார். அந்த நேரம் பார்த்து எங்கள் இன்ஜின் கரகரவென்று இரைய ஆரம்பித்தது. சனி யாரைக் கேட்டு வருகிறது? படகைக் கரையேற்றிக் கட்டிப்போட்டோம். மறுநாளே தலைவர் வந்துவிட்டார்.

"ஆடிப்பெருக்குக்கு சனம் ஜாஸ்தி வரும். அன்னிக்குப் படகு ஓடலன்னா ஏரியை கான்ட்ராக்டருக்கு வுட்டுருவேன். அப்பறம் என்னை ஒண்ணும் கேக்கக் கூடாது."

"ஓடும்" என்றேன்.

எப்படி ஓடும் என்று எனக்கே தெரியாது. என் வாய்க்கு எப்போதும் என்னைவிடத் தைரியம் அதிகம்.

கள்ளக்குறிச்சியில் ஆயில் இன்ஜின் வேலை பார்க்கிற மெக்கானிக் ஒருவரை வரவழைத்தோம். அவர் இன்ஜினைப் படகிலிருந்து இறக்கி ஒரு மரச் சட்டத்தில் மாட்டினார். இன்ஜினின் அடிப்பாகத்தில், தண்ணீரைத் தள்ளுகிற சுழலிக்கு மேலே, பல்சக்கரங்கள் ஓடுவதற்கென்று தனியாக ஆயில் இருக்கிறது. மேலே ஒரு திருகு, கீழே ஒரு திருகு. மேல் திருகைக் கழற்றியதும் வழிந்த ஆயில் டீக்கடைப் பால் மாதிரி வெள்ளையாக இருந்தது.

"தண்ணி பூந்துருச்சிக்கா. எல்லாத்தையும் வடிச்சிட்டுப் புதுசு ஊத்தினா சரியாப்பூடும்" என்றார். எனக்கு உயிர் வந்தது.

வடிக்க வேண்டுமானால் கீழ்த் திருகைக் கழற்ற வேண்டும். டிரெயின் பிளக் என்றார் அதை. சுண்டு விரல் நகம் அளவுதான் இருந்தது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தித் திருகினார். அசையவில்லை. துருவை இளக்குகிற ஸ்ப்ரேயை அடித்து ஒரு டீ குடித்துவிட்டு வந்து, முழு பலத்தையும் போட்டுத் திருகினார். டக்கென்று சத்தம் கேட்டது. பிளக்கின் தலையில் பாதி உடைந்து கீழே விழுந்தது. மீதிப் பாதி உள்ளேயே உட்கார்ந்துகொண்டது.

மெக்கானிக் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "இன்னாக்கா இது, இப்படிப் புடிச்சிக்கினு இருக்குது? இனிமே இங்க ஆவாது. கீழ எடுத்துக்கினு போயி வெல்டிங் வெச்சிதான் எடுக்கணும். ஆடிப்பெருக்கு போவட்டும், பொறுமையா செஞ்சி தரேன்."

கீழே போவது என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். குழுவின் கேழ்வரகு அரைக்கிற மெஷினின் மோட்டார் புகைந்துபோனதும், புதுக் கம்பி சுற்றி காயில் கட்டக் கீழே அனுப்பினோம். அது போனது போனதுதான். கேட்டால் நாளைக்கு என்பார்கள், நாளைக்குக் கேட்டால் அடுத்த வாரம் என்பார்கள். மலைக்காரிகள் பஸ் பிடித்துத் திரும்பத் திரும்ப வரமாட்டார்கள் என்ற தைரியம். அந்த மெஷின் இன்றும் மோட்டார் இல்லாமல் மூலையில் கிடக்கிறது, அதன் மேல் கோழி முட்டையிடுகிறது.

"இன்ஜின் மலையை வுட்டு எறங்காது" என்றேன்.

"அப்ப நீயே கழட்டிக்கக்கா."

"கழட்டுறேன்."

கோபத்தில் சொல்லிவிட்டேன். கோபம் திருகைக் கழற்றுமா? இன்ஜினுக்கு முன்னால் உட்கார்ந்து உடைந்த பிளக்கைத் துணியால் துடைத்தேன். ஓரத்தில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. துரு என்றுதான் நினைத்தேன். நகத்தால் சுரண்டினேன். துரு உதிரும், இது நகத்தோடு இழுபட்டு வந்தது. மூக்கில் வைத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு யாரும் எனக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பலா மரத்தடியில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்தப் பிசின் தெரியாதா?

என் நாத்தனார் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். என் கணவருக்கு அக்கா. படகைக் கழுவித் துடைத்துக் காவல் பார்ப்பது அவள்தான்.

"அண்ணி, இது இன்னா?"

"பலாப்பாலுதான். போன மாசம் சொட்டு சொட்டா எண்ண ஒழுவுச்சி. கொடுவா மொனையால கழட்டி, மரையெல்லாம் பூசி, இறுக்கி அடைச்சேன். ஏன், குண்டான் ஒழுவினா அடைக்கல?"

மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தார். "பலாப்பாலா! இன்ஜினுக்குப் பலாப்பால் பூசின ஊரு இதாங்க்கா!"

எனக்குச் சுருக்கென்றது. அண்ணியின் முகம் வாடியதைப் பார்த்ததும் இன்னும் சுருக்கென்றது. எங்கள் மலையில் ஒழுகுகிற குடம், குண்டான், தகரம் எல்லாவற்றுக்கும் பலாப்பால்தான் மருந்து. பாத்திரம் தேய்ந்து ஓட்டையானாலும் பூசிய இடம் அசையாது. அவளுக்குத் தெரிந்த நல்ல வைத்தியத்தைத்தான் செய்திருக்கிறாள். பிளக்குக்கு அடியில் இருக்க வேண்டிய வாஷர் தேய்ந்துபோனதையும், அந்த வழியாகவே தண்ணீர் உள்ளே போனதையும் யார் அவளிடம் சொன்னார்கள்?

"சிரிக்காதீங்கண்ணே. பிளக்கு ஒடைஞ்சும் எங்க பலாப்பாலு வுடல பாத்தீங்களா?" என்றேன். அவர் சிரிப்பை நிறுத்தினார்.

பூசத் தெரிந்தவர்களுக்கு எடுக்கவும் தெரியும். பலாப்பாலுக்குத் தண்ணீர் பகை இல்லை. சூடும் எண்ணெயும்தான் பகை. சுளை எடுக்கும் முன் கையில் எண்ணெய் தடவிக்கொள்கிறோமே, அது எதற்கு? பெட்ரோல் டேங்கைத் தூக்கி எட்டத்தில் வைக்கச் சொன்னேன். அண்ணி அடுப்பில் மணலை வறுத்துத் துணியில் முடிந்து வந்தாள். இடுப்பு வலிக்காரிக்குக் கொடுப்பது போல இன்ஜினின் அடிப்பாகத்துக்கு ஒத்தடம் கொடுத்தோம். மூட்டை ஆறினால் இன்னொரு மூட்டை. நடுநடுவே விளக்கெண்ணெயைச் சுட வைத்துப் பிளக்கின் ஓரத்தில் விட்டோம். குழுப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து உட்கார்ந்தார்கள். பிரசவம் பார்ப்பது மாதிரிதான் இருந்தது, ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள்.

கறுப்பு ஓரம் இளகிப் பளபளத்தது. அதற்குள் மெக்கானிக்குக்கும் ஆர்வம் பிடித்துக்கொண்டது. பையிலிருந்து ஒரு சின்ன உளியை எடுத்து, உடைந்த பிளக்கின் விளிம்பில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, சுத்தியலை என்னிடம் நீட்டினார்.

"நேரா அடிக்காதக்கா. எடது பக்கமா தள்ற மாதிரி தட்டு. மெதுவா."

"ஒங்க கை மேல பட்டா?"

"பட்டா படட்டும். தட்டு."

தட்டினேன். உளி வழுக்கியது. மறுபடி தட்டினேன். விளிம்பில் ஒரு வெட்டு விழுந்து உளி பிடித்துக்கொண்டது. மனசுக்குள் தலைவர் முகத்தை நினைத்துக்கொண்டு தட்டினேன், மெதுவாகத்தான். மயிரிழை அளவுக்குப் பிளக் நகர்ந்தது.

"நவுந்துச்சி!" என்று அண்ணி கத்தினாள். ஏரிக்கரைக் கொக்கெல்லாம் பறந்தது.

பிறகு விரலாலேயே திருகி எடுத்தேன். அண்ணி பூசிய பால் நூல் நூலாகக் கூடவே வந்தது. வெள்ளை ஆயில் மொத்தமும் பழைய சட்டியில் வடிந்தது. நான் அழுதேன். ஏன் மறைக்க வேண்டும், நன்றாக அழுதேன். மெக்கானிக் உளியைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டார்.

படகு விற்ற கடலூர்க்காரருக்குப் போன் போட்டோம். அவர் புதுப் பிளக்கும் வாஷரும் வாங்கி பஸ்ஸில் கொடுத்துவிட்டார். கீழ்த் துளை வழியாகவே புது ஆயிலைக் குழாயால் மேலே ஏற்றி, மேல் திருகை மாட்டி, சட்டென்று வாஷர் போட்டுப் பிளக்கை இறுக்கினோம். அண்ணி பலாப்பால் கிண்ணத்தின் பக்கம் போகவே இல்லை.

ஆடிப்பெருக்கு அன்று கரை கொள்ளாத கூட்டம். தலைவர் கான்ட்ராக்டரோடு வந்தார். படகு கரையில் கிடக்கும் என்று காட்டக் கூட்டி வந்திருப்பார். அது குழந்தைகளை ஏற்றிக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தது. கரைக்கு வந்ததும் நானே கூப்பிட்டேன்.

"ஏறுங்க தலைவரே. அவரையும் கூட்டிக்கினு வாங்க."

சனம் பார்க்கும்போது மாட்டேன் என்று சொல்ல முடியுமா? லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு இரண்டு பேரும் ஏறினார்கள். நடு ஏரிக்குப் போனதும் இன்ஜினை அணைத்தேன்.

"இன்னாம்மா, மறுபடியும் நின்னுபோச்சா?" தலைவர் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு நீச்சல் தெரியாது என்பது ஊருக்கே தெரியும்.

"நிக்கல. நான்தான் நிறுத்தினேன். இப்ப சொல்லுங்க தலைவரே, ஏரி யாருக்கு?"

அவர் கான்ட்ராக்டரைப் பார்த்தார். கான்ட்ராக்டர் தண்ணீரைப் பார்த்தார்.

"ஒங்களுக்குத்தாம்மா. கரைக்கு வுடு."

"கரைக்குப் போயும் இதையே சொல்லணும்."

"சொல்றேன், வுடும்மா."

கயிற்றை இழுத்தேன். ஒரே இழுப்பில் இன்ஜின் பிடித்தது. கரையில் இறங்கியதும் தலைவர் வேட்டியை மடித்துக்கொண்டு வேகமாக நடந்தார். அண்ணி குறுக்கே வந்து நின்றாள், கையில் உடைந்த பிளக். குழுப் பெண்கள் எல்லோரும் அவள் பின்னால் நின்றார்கள்.

"தலைவரு இன்னாமோ சொல்லணும்னாரு" என்றேன்.

"ஏரி இவங்களுக்குத்தான்" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு.

"கேக்கல தலைவரே."

நிமிர்ந்தார். பஜ்ஜிக் கடையில் நின்றவர்களும் திரும்பிப் பார்க்கிற மாதிரி இன்னொரு முறை சொன்னார்.