நடு பிளேட்டில் ஒரு நட்சத்திரம்

1974 மார்ச் வரை மிக்கேலம்மாள் அளந்த நட்சத்திரங்கள் பதினோராயிரத்து இருநூற்றாறு. அவள் வேலைக்கு உலை வைத்தது அதில் ஒன்று.

கம்பைநல்லூரிலிருந்து தினமும் காலை பஸ்ஸில் தருமபுரிக்கு வருவாள். அங்கே ஒரு வாடகைக் கட்டடத்தில், வானத்தைப் படம் பிடித்த கண்ணாடி பிளேட்டுகளை மைக்ராஸ்கோப்பில் வைத்து, கரும்புள்ளியாகத் தெரியும் ஒவ்வொரு நட்சத்திரமும் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளப்பதுதான் உத்தியோகம். கண் ஏமாற்றும் என்பதால், ஒரு தடவை அளந்த பிளேட்டைத் தலைமாற்றி வைத்து மறுபடியும் அளக்க வேண்டும். எந்த பிளேட்டையும் அவள் மாற்றி வைக்காமல் விட்டதில்லை.

அந்த நட்சத்திரத்துக்கு மூன்று பிளேட்டுகள்: 1930, 1950, 1970 வருஷங்களில் எடுத்தவை. முதல் இருபது வருஷத்தில் ஒரு வேகம். அடுத்த இருபதில் அதைவிட அதிகம். திசையும் கொஞ்சம் விலகியிருந்தது. எதுவும் தானாக வேகத்தை மாற்றிக்கொள்ளாது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று பக்கத்தில் இருந்து அதை இழுக்கிறது! மிக்கேலம்மாளுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

மேலதிகாரி தீர்த்தகிரி போண்டா தின்றுகொண்டே வந்தார். துடைக்காத கையோடு 1950 பிளேட்டை எடுத்தார். கட்டைவிரல் எண்ணெய் கண்ணாடியில் பிசுபிசுவென்று அப்பியது.

“ஏம்மா, அட்டவணையில ஒரு நட்சத்திரத்துக்கு ஒரு வேகந்தான் எழுத எடம் இருக்குது. நடு பிளேட்டைத் தூக்கிப் போடு, நேர்கோடு வந்துரும்.”

“மாத்தி வெச்சும் அளந்தேனுங்க சார். அதே நம்பருதான் வருது.”

“அப்ப உன் கண்ணுதான் கோணை. ‘நான் அளந்தது தப்பு’ன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. ஏப்ரல்ல பர்மனெண்ட் ஆவணுமா, வேணாமா?”

அவர் போனதும் பக்கத்து மைக்ராஸ்கோப்பிலிருந்த பரிதா குனிந்தாள். “போட்டுத் தொலைங்கக்கா. நட்சத்திரமா வந்து கேக்கப் போவுது?”

“நீ போட்டிருக்கிறியா?”

“நாப்பதுக்கு மேல இருக்கும்.”

சொல்லிவிட்டுப் பரிதா சிரித்தாள். மிக்கேலம்மாளுக்கு அந்த அறையில் உட்காரவே அருவருப்பாக இருந்தது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, எண்ணெய் போகும் வரை கண்ணாடியைத் துடைத்தாள். எதுவும் எழுதாத, கையெழுத்தில்லாத தாளைக் கொண்டுபோய் அவர் மேஜையில், போண்டா காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“உங்க விரல் பட்ட எடத்துல மட்டுந்தான் தப்பு இருந்துச்சுங்க சார். தொடச்சிட்டேன்.”

ஏப்ரல் முதல் தேதி அட்டவணை அச்சுக்குப் போனது. அந்த நட்சத்திரத்துக்கு ஒரே வேகம். மிக்கேலம்மாளின் பெயர் அன்றைய வருகைப் பதிவேட்டில் இல்லை.